யாரில் பாதிப் பேர்?

கேள்வி: நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். சென்ற மாதம் கோவையில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையம் செய்தியாளர் சந்திப்பு நடத்தியது. தங்களிடம் வந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணுக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் பலர் சாயப்பட்டறையிலும், துணியை வெப்பத்தில் விரித்து உலர்த்தும் ஸ்டெண்டர் மெஷினிலும் வேலை செய்பவர்கள் என்றும் ஒரு குறிப்பைக் கொடுத்தார்கள். அதை வைத்து நான் அனுப்பிய செய்தி, ‘திருப்பூர், ஈரோடு ஆண்களில் பாதிப் பேருக்கு ஆண்மைக் குறைவு’ என்ற தலைப்பில் வந்தது. தலைப்பு நான் வைத்ததல்ல, அலுவலகத்தில் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் வைத்தார்கள். சில நாள்களில், எங்கள் பகுதியில் சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு பையனுக்குப் பேசி முடித்த இடத்தில், “டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, அப்புறம் பார்த்துக்கலாங்க” என்று சொல்லிவிட்டார்கள் எனக் கேள்விப்பட்டேன். அதிலிருந்து மனம் ஒப்பவில்லை. கர்ப்பத்தடை, குழந்தையின்மை, பிரசவம் பற்றிய ஆராய்ச்சிச் செய்திகளை எப்படி எழுதுவது? வந்துவிட்ட செய்தியை என்ன செய்வது? ஆசிரியரிடம் என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெருந்துறை வட்டாரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

செய்தி நறுக்கையும் அந்த மையத்தின் ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தது நல்லதாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். ‘எங்கள் மையத்துக்கு வந்த ஆண்களில்’ என்ற சொற்றொடர் குறிப்பின் முதல் வரியிலேயே இருக்கிறது. தங்கள் செய்தியில் அது மூன்றாவது பத்திக்குப் போய்விட்டது. தலைப்பில் அறவே இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பதெல்லாம், பாதிப் பேர் என்றால் யாரில் பாதி என்பதுதான். தங்கள் துறைக்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

குழந்தை இல்லை என்ற கவலையோடு சோதனைக்கு வந்தவர்களிடையே விந்தணுக் குறைபாடு அதிகம் காணப்படுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டி வரப்பட்டவற்றை மட்டும் எண்ணிவிட்டு, காங்கேயம் மாடுகளில் பாதி நோயில் கிடக்கின்றன என்று யாராவது எழுதினால் நம் பக்கத்து விவசாயிகள் சிரிப்பார்கள். அதே பிழை மருத்துவரின் வாயிலிருந்து, புள்ளிவிவரத்தோடு வரும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. அடுத்து, வந்தவர்களில் பலர் சாயப்பட்டறைக்காரர்கள் என்பதும் தன்னளவில் எதையும் நிறுவவில்லை. திருப்பூர், பெருந்துறை, சென்னிமலை வட்டாரத்தில் எந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் பலர் ஜவுளித் தொழிலில்தான் இருப்பார்கள். வெப்பத்தில் நிற்கும் ஸ்டெண்டர் தொழிலாளர்களையும், அதே வயதுடைய, அதே ஊரில் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ வேலை செய்யும் ஆண்களையும் ஒப்பிட்டு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய், விரைநாளப் புடைப்பு (விரைப்பையின் ரத்த நாளங்கள் வீங்குவது) போன்ற பிற காரணங்களையும் கணக்கில் எடுத்த பிறகே தொழிலுக்கும் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று பேசத் தொடங்க முடியும். அந்தக் குறிப்பில் ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லை.

இதனால் வெப்பத்தைப் பற்றிய கவலையே வெற்றுப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். விரைகள் உடலின் உள்வெப்பநிலையைவிட ஏறத்தாழ 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பத்தில் இருக்கும்போதுதான் விந்தணு உற்பத்தி சீராக நடக்கிறது. வெப்பம் நீடித்தால் எண்ணிக்கை குறையக்கூடும் என்பது அறியப்பட்ட உடலியல். ஆனால் ஒரு விந்தணு முழுமையாக உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால், வெப்பம் போன்ற தற்காலிகக் காரணம் நீங்கினால் எண்ணிக்கை பெரும்பாலும் சில மாதங்களில் மீளக்கூடியது. மேலும், எண்ணிக்கைக் குறைவு வேறு, ஆண்மைக் குறைவு வேறு. முன்னது ஆய்வகத்தில் மட்டுமே தெரியவருவது. அது உள்ளவருக்குத் தாம்பத்தியத்தில் எந்தச் சிக்கலும் இல்லாதிருக்கலாம். தங்கள் தலைப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, சம்பந்தம் பேசுகிற வீட்டில் போய் நின்றதும் அதனால்தான்.

‘குறைவு’ என்பதற்கு எந்த அளவுகோல் என்றும் கேட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வகக் கையேட்டின் ஆறாம் பதிப்பில் கீழ் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள். இந்த எல்லை வகுக்கப்பட்ட விதம் செய்தியாளர் அறிய வேண்டியது: ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் அளவுகளை வரிசைப்படுத்தி, அவர்களில் மிகக் கீழே உள்ள 5 சதவீதத்தினர் முடியும் இடத்தில் கோடு போட்டார்கள். அதாவது, தந்தையானவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து எந்த நல்ல மருத்துவரும் முடிவு சொல்வதில்லை. காய்ச்சல் வந்து போன சில வாரங்களிலும் எண்ணிக்கை இறங்கியிருக்கும்.

இனி, பொதுவாக இந்தத் துறைச் செய்திகளுக்கு வருகிறேன். மற்ற ஆராய்ச்சிச் செய்திகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, படிப்பவர் அன்றிரவே எதையாவது செய்துவிடுகிறார் என்பது. மாத்திரையை நிறுத்துவார், காப்பர் டியை எடுக்கச் சொல்வார், பேசிய இடத்தை வேண்டாம் என்பார், நகையை அடகு வைத்துக்கொண்டு கோவைக்கு வண்டி ஏறுவார். 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது இதற்குச் சான்று. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள், முந்தைய தலைமுறை மாத்திரைகளோடு ஒப்பிட, ரத்தக் குழாயில் உறைவு ஏற்படும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. ஊடகங்கள் அதை அப்படியே, ‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லை முன்னிறுத்திப் பரப்பின. ஆபத்து உண்மையில் ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு என்பதிலிருந்து 7,000 பெண்களில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. பெண்கள் மாத்திரையை விட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என மதிப்பிட்டார்கள். இதில் கசப்பான முரண் என்னவென்றால், ரத்த உறைவின் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிடக் கர்ப்ப காலத்தில் அதிகம்.

‘இரண்டு மடங்கு’ என்பதும் பொய்யல்ல, ‘ஏழாயிரத்தில் ஒருவர் கூடுதல்’ என்பதும் பொய்யல்ல. முதலாவதை மட்டும் அச்சிட்டால் படிப்பவருக்கு முடிவெடுக்க எதுவும் கிடைப்பதில்லை, பயம் மட்டுமே கிடைக்கிறது. 2017இல் டென்மார்க்கில் சுமார் 18 லட்சம் பெண்களின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு, ஹார்மோன் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவோருக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 20 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. அதே ஆய்வுக் கட்டுரையே, ஓராண்டு பயன்படுத்தும் 7,690 பெண்களுக்கு ஒருவர் என்ற அளவில்தான் கூடுதல் நோயாளிகள் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே இந்த எண் எங்கோ ஒளிந்து கிடப்பதல்ல. தேடினால் கட்டுரையின் சுருக்கத்திலேயே பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால், ‘முன்பு ஆயிரத்தில் எத்தனை பேர், இப்போது ஆயிரத்தில் எத்தனை பேர்’ என்று ஆய்வாளரிடமே கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரின் ஆய்வைச் செய்தியாக்க அவசரப்பட வேண்டியதில்லை.

பெரிய எண்களோடு வரும் உலகச் செய்திகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆறில் ஒருவருக்குக் குழந்தையின்மை என்று 2023 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, அது வாழ்நாளில் எப்போதாவது ஓராண்டுக்கு மேல் கருவுறாமல் காத்திருந்தவர்களின் கணக்கு. அவர்களில் பலருக்குப் பின்னர் குழந்தை பிறந்திருக்கும். விந்தணு அடர்த்தி 52.4 சதவீதம் சரிந்தது என்று 2017இல் உலகெங்கும் பேசப்பட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வின் அந்த எண், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய பகுதிகளில் 1973 முதல் 2011 வரை எடுத்த மாதிரிகளுக்கு உரியது. அதை எடுத்து நொய்யல் கரையில் ஒட்டவைக்கும் செய்திகளை நான் அவ்வப்போது பார்க்கிறேன். நொய்யலில் கலந்த சாயக்கழிவு பற்றி எழுத வேண்டியவை ஏராளம். அதற்கு டென்மார்க்குக்காரரின் விந்தணு தேவையில்லை.

செய்திக்குறிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் மாவட்ட நிருபருக்கு ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் செய்திக்குறிப்பாகவே வந்து சேர்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக் கட்டுரைகளோடும் வெளிவந்த செய்திகளோடும் ஒப்பிட்டு, 2014இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். வெறும் தொடர்பைக் காரணம் என்று குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால், செய்திகளில் 81 சதவீதமும் மிகைப்படுத்தின. குறிப்பு மிகைப்படுத்தாதபோது 18 சதவீதமே. நிருபர்தான் ஊதிப் பெரிதாக்குகிறார் என்று எங்கள் மருத்துவ வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டில் பாதி எங்களுக்கே உரியது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. நன்கு அறியப்பட்ட பல்கலைக்கழகங்களின் குறிப்பே இப்படி என்றால், நோயாளிகளை வரவழைப்பதற்காக நட்சத்திர விடுதியில் மதிய உணவோடு கொடுக்கப்படும் குறிப்பை விளம்பரம் என்று கருதி வாங்குவதே சரி. மருத்துவர் தம் சிகிச்சைகளையும் குணப்படுத்திய நோயாளிகளையும் பற்றிப் பத்திரிகைகளில் பெருமை பேசக் கூடாது என்று இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன.

அப்படிப்பட்ட சந்திப்பில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஆய்வு மருத்துவ இதழில் வெளிவந்துள்ளதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா, யாருடைய பணம், கண்டறிந்த குறைக்குத் தாங்களே சிகிச்சை விற்கிறார்களா என்பவை போதும். புதிய சிகிச்சையைச் சோதித்துப் பார்த்ததாகச் சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இங்கு நடக்கும் மருந்துச் சோதனைகளை அதில் முன்கூட்டியே பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எத்தனை பேரைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள், எதை அளப்பதாகச் சொன்னார்கள், இப்போது எதை அளந்ததாகச் சொல்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வெற்றி விகிதம் என்ற சொல் வந்தால் இன்னும் ஒரு முறை நிமிர்ந்து உட்காருங்கள். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) சிகிச்சையைத் தொடங்கிய நூறு பெண்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள் என்பதே தம்பதியருக்கு வேண்டிய கணக்கு. விளம்பரப் பலகைகளில் இருப்பது பெரும்பாலும் வேறு: கரு வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்குச் சோதனையில் கர்ப்பம் தெரிந்தது என்பது. சினைமுட்டை எடுக்கும் நிலைக்கே வராதவர்களும், கருக்கலைந்தவர்களும் இதில் காணாமல் போய்விடுவார்கள். பெண்ணின் வயதைச் சொல்லாத எந்த விகிதத்துக்கும் பொருளில்லை. கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் துணைச் சிகிச்சைகளின் வரலாறும் இத்தகையதே. கருப்பையின் உள்படலத்தை முன்கூட்டியே லேசாகக் கீறிவிட்டால் கரு நன்றாகப் பதியும் என்று சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை ஊட்ட, பல நாடுகளில் அது பரவலாகச் செய்யப்பட்டது. பின்னர் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள்: கீறிய குழுவிலும் கீறாத குழுவிலும் உயிருள்ள குழந்தை பிறந்தது ஒரே அளவு, 26.1 சதவீதம். முதல் சிறிய ஆய்வுகள் செய்தியாகின்றன. அவற்றை மறுக்கும் பெரிய ஆய்வு வரும்போது பெரும்பாலான செய்தி அறைகளில் ஆள் இருப்பதில்லை.

கேலிக்காகவே செய்தியாகும் ஆய்வுகளும் உண்டு. ஆண்களுக்கான கருத்தடை ஊசியை 320 பேரிடம் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானபோது, பக்கவிளைவைப் பொறுக்க முடியாமல் ஆண்கள் ஓடிவிட்டார்கள் என்று உலகமே எழுதியது. சோதனையை நிறுத்தச் சொன்னது ஒரு தனிப் பாதுகாப்புக் குழு. பங்கேற்ற ஆண்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அந்த ஊசியைத் தொடரத் தயாராகவே இருந்தார்கள்.

சட்டம் சார்ந்த எல்லைகளைத் தங்கள் டெஸ்க் அறிந்திருக்கும் என்றாலும் இரண்டைச் சொல்கிறேன். கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது, கண்டறிவது தொடர்பான எந்த விளம்பரத்துக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. ‘ஆண் குழந்தைக்கான உணவுமுறை’ போன்ற ‘ஆய்வுகள்’ செய்தி வடிவில் வந்தால் அவற்றையும் அதே கண்ணோடு பாருங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்கான தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் ஏன் தொடங்க நேர்ந்தது என்பதை இந்தப் பகுதியில் எழுதுகிற எவரும் மறக்கக் கூடாது. மற்றது, 2022இல் ஈரோட்டில் வெளிப்பட்ட, சிறுமியின் கருமுட்டைகள் விற்கப்பட்ட வழக்கைப் போன்றவை. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. குடும்பம், பள்ளி, குடியிருக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஒரு வீதியில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிற நம் ஊர்களில், தாயின் தொழிலை எழுதுவதே பெண்ணின் பெயரை எழுதுவதற்குச் சமம். பரபரப்புக்குப் பதிலாக, கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் வகுத்திருப்பதை எழுதினால், அடுத்த தரகர் வரும்போது ஒரு பெண்ணுக்காவது அது பயன்படும்.

இவ்வளவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில், மாதவிடாய் வலிக்கு என்று பெயரோ விவரமோ இல்லாத மாத்திரைகள் பெண் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்படுவதை 2019இல் வெளிக்கொணர்ந்தது தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள். ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி, மாத்திரைகளை மருத்துவர்களிடம் காட்டி எழுதினார்கள். எத்தனை பேரிடம் பேசினோம், அவர்கள் யார் என்பதைச் செய்தியிலேயே சொன்னதுதான் அதன் வலிமை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை மூலம் நடக்கின்றன. மாவட்டவாரியான அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈரோடு மாவட்டத் தாளை எடுத்துக்கொண்டு, தங்கள் வட்டாரத்துக் கிராம சுகாதார செவிலியர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். எந்தச் செய்தி வந்த வாரம் எத்தனை பேர் காப்பர் டியை எடுக்கச் சொல்லி வந்தார்கள் என்று அவர் விரல் மடக்கிச் சொல்வார். கருத்துக் கேட்க எப்போதும் மையத்தின் தலைமை மருத்துவரையே நாடுகிறோம். செவிலியரை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

வந்துவிட்ட செய்திக்கு, மூலையில் இரண்டு வரித் திருத்தம் போதாது. அதே மாவட்டப் பக்கத்தில் ஒரு தொடர் செய்தி வேண்டும். அதன் முதல் பத்தியை இப்படி அமைக்கலாம்: ‘கோவையில் உள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்துக்குச் சிகிச்சைக்காக வந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்ததாக அம்மையம் தெரிவித்திருந்தது. குழந்தையில்லாமல் சிகிச்சை தேடி வந்தவர்கள் மட்டுமே கணக்கில் சேர்க்கப்பட்டதால், சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கோ இப்பகுதி ஆண்களுக்கோ இம்முடிவைப் பொருத்த முடியாது. முன்பு இதே பக்கத்தில் வெளியான தலைப்பு தவறான பொருளைத் தந்தது.’ அதன் கீழ், வெப்பத்தில் வேலை செய்பவர்கள் என்ன செய்யலாம், எப்போது மருத்துவரைப் பார்க்கலாம் என்பதை ஒரு சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடமோ, ஆண்களின் இனப்பெருக்க நலத்தைப் பார்க்கும் ஆண்ட்ராலஜி மருத்துவரிடமோ கேட்டு எழுதுங்கள். பெருந்துறையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் சமூக மருத்துவத் துறையினர் புள்ளிவிவரத்தைச் சரிபார்த்துத் தருவார்கள். அந்தப் பையனையோ பெண் வீட்டாரையோ பேட்டி காண வேண்டாம், பெயரை மாற்றியும் வேண்டாம். அவர்கள் தாமாகக் கேட்டால், ஒரு பரிசோதனைத் தாள் எதிர்காலத்தில் குழந்தை பிறக்குமா என்பதற்கு உறுதிமொழி ஆகாது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆசிரியரிடம் நெறிகளைப் பேசுவதைவிட வேலை முறையைப் பேசுவது பலன் தரும். இத்துறைச் செய்திகளுக்குத் தலைப்பையும் நிருபரே எழுதி அனுப்பவும், டெஸ்க் அதை மாற்றினால் அச்சுக்குப் போகுமுன் ஒரு முறை தொலைபேசியில் சொல்லவும் ஒப்புதல் கேளுங்கள். மருத்துவ இதழில் வெளிவராத ஆய்வு என்றால், வெளியாளர் ஒருவரின் கருத்து கிடைக்கும் வரை ஒரு நாள் தள்ளிவைக்க அனுமதி கேளுங்கள். மற்ற நாளிதழ்கள் முந்திவிடும் என்று அவர் சொல்லக்கூடும். அந்த மையத்தின் குறிப்பு அன்று மாலை எல்லா அலுவலகங்களுக்கும் ஒன்றாகவே போயிருக்கும். முந்துவதற்கு அதில் எதுவும் இல்லை என்பதை அவரே அறிவார். விளம்பரப் பிரிவிலிருந்து நெருக்கடி வந்தால், அதை விளம்பரமாகவே, விளம்பரம் என்ற குறிப்போடு, அதற்குரிய கட்டணத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.